மெட்ராஸ் கரையில் நான்கு விளக்குகள்

மெரினாவில் சுண்டல் கொறித்துக்கொண்டே காந்தி சிலையிலிருந்து தெற்கே நடந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கோபுரத்தைத் தெரியும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உடம்பு. வட்டமாக இல்லாமல் முக்கோண வடிவம். பக்கத்தில் பறக்கும் ரயில் நிலையத்துக்கே 'கலங்கரை விளக்கம்' என்றுதான் பெயர். ஆட்டோக்காரரிடம் "லைட் ஹவுஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேற்கொண்டு விலாசம் கேட்க மாட்டார்.

ஆனால் அது சென்னையின் நான்காவது கலங்கரை விளக்கம். அதற்கு முன்னால் மூன்று பேர் அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அந்த மூன்று இடங்களும் இன்றும் இடியாமல், கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கின்றன. தினமும் ஆயிரக்கணக்கானோர் அவற்றைக் கடந்து போகிறார்கள். 'இங்கே ஒரு காலத்தில் கப்பலுக்கு விளக்கு எரிந்தது' என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

கரைகிற விளக்கு

முதலில் அந்தப் பெயரைப் பார்த்துவிடலாம். 'கலங்கரை' என்பதைக் கலங்கிய கரை என்று நினைப்பவர்கள் உண்டு. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான். ஆக, கப்பல்களைக் கூவி அழைக்கும் விளக்கம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அதற்கும் முந்தைய பெரும்பாணாற்றுப்படை, உயரமான மாடத்தின் மேல் இரவில் எரியும் தீயைப் பார்த்துக் கப்பல்கள் கரை சேர்வதைச் சொல்கிறது. விளக்கு ஏற்றிக் கப்பலைக் கூப்பிடுவது தமிழ்க் கரைக்குப் பழைய வழக்கம்.

அப்படியிருந்தும் மெட்ராஸ் என்ற ஊர் உருவாகி 150 ஆண்டுகளுக்கு மேல் அதற்கென்று ஒரு கலங்கரை விளக்கம் இல்லை.

துறைமுகமே இல்லாத துறைமுக ஊர்

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணல் கரையில் இடம் வாங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். துணி மலிவாகக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கப்பல் நிறுத்த இடம் உண்டா என்று பார்த்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டார்கள். வளைகுடா கிடையாது. அலையைத் தடுக்கப் பாறை கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றுவிடும். அங்கிருந்து ஆளும் சரக்கும் மசூலா படகில் ஏறி, தலைக்கு மேல் எழும்பும் அலைகளைத் தாண்டி வர வேண்டும்.

அந்த மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு அலை அடிக்கும்போது பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கடல் கடந்து வந்த பெரிய துரைமார்களும் கடைசி ஒரு மைலுக்கு நம்மூர் மீனவர் கையைத்தான் நம்பி உட்கார வேண்டும்.

பகலில் கோட்டையின் கொடிமரம் அடையாளம் காட்டிவிடும். இரவில் என்ன செய்வது? இந்தக் கரை ஒரே தட்டை. தொலைவிலிருந்து பார்த்து 'இதுதான் மெட்ராஸ்' என்று சொல்லக் கடலோரமாக ஒரு மலை இல்லை. வடக்கே பழவேற்காடு பக்கம் கடலுக்குள் மணல் திட்டுகள் வேறு. இருட்டில் கரையை நெருங்குவதைவிட, விடியும்வரை தள்ளி நின்று காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் காற்றும் புயலும் விடியும்வரை காத்திருக்காதே! 1746 அக்டோபரில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களின் கப்பல் படையையே இந்தக் கரைக்கு எதிரே ஒரு புயல் சின்னாபின்னமாக்கியது.

தேங்காய் எண்ணெயில் எரிந்த முதல் விளக்கு

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கம்பெனி விழித்துக்கொண்டது. தனியாகக் கோபுரம் கட்டவில்லை. கோட்டைக்குள் கடலைப் பார்த்தபடி அப்போதுதான் எழும்பியிருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு விளக்குக் கூண்டை வைத்தார்கள். 1796-ல் அது எரியத் தொடங்கியது.

இடத் தேர்வில் ஒரு பொருத்தம் இருந்தது. அந்தக் கட்டடத்தின் மாடியில் இருந்த பெரிய கூடம்தான் வியாபாரிகளும் தரகர்களும் கப்பல் தலைவர்களும் கூடிப் பேரம் பேசிய இடம். எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கப்பல் வரவில்லை என்ற சேதிக்காகக் காத்திருந்தவர்களின் தலைக்கு மேலேயே விளக்கு.

எரிபொருள்? தேங்காய் எண்ணெய்! தலைக்குத் தடவுவதும் சாமிக்கு விளக்கேற்றுவதும் இருக்கட்டும், கப்பலுக்கும் அதுதான் வழி காட்டியது. திரிகளுக்குப் பின்னால் கண்ணாடிகளை வைத்து வெளிச்சத்தைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அந்தக் கட்டடம் பிறகு ராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியானது. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் அருங்காட்சியகமானது. இன்று புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய் 'ஃபோர்ட் மியூசியம்' படியேறுகிறவர்கள் சென்னையின் முதல் கலங்கரை விளக்கத்துக்குள்தான் ஏறுகிறார்கள்.

உயரம் ஏன் வேண்டும்?

மொட்டை மாடி விளக்கு ஐம்பது ஆண்டு போல ஓடியது. பிறகு இன்னும் உயரமாக வேண்டும் என்று முடிவானது. வெளிச்சத்தைக் கூட்டினால் போதாதா, உயரம் எதற்கு என்று கேட்கலாம்.

பூமி உருண்டை என்பதுதான் காரணம். எவ்வளவு பிரகாசமான விளக்காக இருந்தாலும் கடலின் வளைவுக்குக் கீழே போய்விட்டால் தெரியாது. 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கு, நீர்மட்டத்தில் இருக்கும் கண்ணுக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வரை தெரியும். அதையே 50 மீட்டருக்கு ஏற்றினால் 25 கிலோமீட்டர். உயரம் இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகாது, சுமார் ஒன்றரை மடங்குகூட எட்டாது. ஆனால் காற்றை நம்பி வந்த பாய்க்கப்பலுக்கு அந்த ஏழு கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரத்து முன்னெச்சரிக்கை. பாயை இறக்குவதா, திருப்புவதா, நங்கூரம் போடுவதா என்று முடிவெடுக்கக் கிடைக்கிற நேரம்.

தூணாக நின்ற இரண்டாவது

உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்கிறது. கிரேக்கக் கோயில்களில் இருக்குமே, அந்த டோரிக் பாணி. இடுப்பு பெருத்து மேலே போகப் போகக் குறுகும் உருளை. ஏதோ நினைவுச் சின்னம் என்று நினைத்துப் பலரும் தாண்டிப் போகிறார்கள். அதுதான் இரண்டாவது கலங்கரை விளக்கம். உள்ளே சுழல்படி.

மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ஜே.டி. ஸ்மித் வடிவமைத்தது அது. சும்மா ஒரு ராணுவ அதிகாரி அல்ல அவர். சுண்ணாம்புச் சாந்து, சிமென்ட் பற்றி விக்கா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். பிற்காலத்தில் மெட்ராஸ் நாணயச் சாலைக்குத் தலைவரானவர். சாந்தைப் பற்றிப் புத்தகம் போட்டவர் கட்டிய தூண், பல பெரும்புயல்களைப் பார்த்தும் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. 1838-ல் தொடங்கிய வேலை முடிந்து, 1844 ஜனவரி 1-ஆம் தேதி விளக்கு ஏற்றப்பட்டது.

இங்கே எரிந்தவை ஆர்கண்ட் விளக்குகள். சாதாரணத் திரிக்குப் பதில், குழாய் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள வட்டத் திரி. உள்ளேயும் வெளியேயும் காற்று போவதால் எண்ணெய் முழுதாக எரியும். புகை குறையும், வெளிச்சம் கூடும். அந்தச் சுடர்களுக்குப் பின்னால் குழிந்த கண்ணாடிகள். டார்ச் லைட்டில் பல்புக்குப் பின்னால் பளபளவென்று ஒரு கிண்ணம் இருக்கிறதல்லவா, அதே வித்தைதான்.

அந்தத் தூண் எழும்பிய இடத்துக்கும் ஒரு கதை உண்டு. இன்றைய உயர் நீதிமன்றம் இருக்கும் பகுதிதான் மெட்ராஸின் முதல் 'கறுப்பர் நகரம்'. நெசவாளர்களும் வியாபாரிகளும் வீடும் கோயிலுமாகக் குடியிருந்த இடம். பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பிறகு, கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து சுடுவான் என்று சொல்லி அதை முழுதாக இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 'இதற்கு இந்தப் பக்கம் யாரும் கட்டக் கூடாது' என்று எல்லைக் கற்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸில் இன்றும் இருக்கிறது. ஒரு ஊரை அழித்துப் பொட்டலாக்கிய திடலில்தான், ஊருக்கு வழி காட்டும் விளக்குத் தூண் நின்றது.

நீதிமன்றத்தின் தலையில்

1892 ஜூலையில் அதே திடலில் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் மேற்பார்வையில் எழுந்த செங்கல் சிவப்புக் கட்டடம், குமிழ் குமிழாகக் கோபுரங்கள். அவற்றில் உயரமானது 175 அடி. பக்கத்திலேயே இவ்வளவு பெரிய மாளிகை எழுந்த பிறகு, பழைய தூணின் வெளிச்சம் எப்படி எடுபடும்? விளக்கை அந்தப் பெரிய கோபுரத்தின் உச்சிக்கே ஏற்றிவிட்டார்கள். 1894 ஜூன் 1-ஆம் தேதி மூன்றாவது கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது.

இதற்குள் எண்ணெய் போய் மண்ணெண்ணெய் வந்துவிட்டது. உலகம் முழுவதும் குழிக் கண்ணாடிகளின் இடத்தைப் பிரெஞ்சுக்காரர் ஃபிரெனெல் கண்டுபிடித்த வில்லைகள் பிடித்துவிட்டன. ஒரே கனத்த கண்ணாடிக்குப் பதில், படிப்படியாக வெட்டிய கண்ணாடி வளையங்களை அடுக்கி, நாலாபுறமும் சிதறும் ஒளியை ஒரே கற்றையாக்கும் ஏற்பாடு அது. உருவில் பெரிய கண்ணாடி வெங்காயம் மாதிரி இருக்கும். சுடர் சிறியதுதான், ஆனால் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும்போது கடலைக் கிழித்துக்கொண்டு போகும்.

கீழே வாதம், பிரதிவாதம், தீர்ப்பு. மேலே கப்பல்களுக்கு விளக்கு. 83 ஆண்டுகள் இரண்டும் ஒரே கட்டடத்தில் நடந்தன.

கடலோரமும் இந்தக் காலத்தில் மாறிவிட்டது. 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதை வாரிக்கொண்டு போனது. விடாமல் மறுபடி கட்டினார்கள். கப்பல் உள்ளே வந்து நிற்கும் காலம் வந்தது. மசூலா படகுக்காரர்களின் தொழில் மெல்ல மெல்லக் கரைந்து போனது.

எம்டன் வந்த இரவு

கலம் கரைகிற விளக்குக்கு ஒரு சிக்கல் உண்டு. யாரைக் கூப்பிடுகிறோம் என்று அதற்குத் தெரியாது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியது. சில வாரங்களில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து, பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது. செய்தி மெட்ராஸுக்கு வந்திருந்தது. ஆனால் ஆபத்து விலகிவிட்டது என்று ஊர் நம்பியது. செப்டம்பர் 22 இரவு துறைமுக விளக்குகளும் உயர் நீதிமன்றத்து உச்சியின் கலங்கரை விளக்கமும் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன.

இருட்டில் தன் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்த எம்டனுக்கு வேறு அடையாளமே தேவைப்படவில்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் இரவு ஒன்பதரை மணி வாக்கில் கரையை நெருங்கித் தேடொளியைப் போட்டார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. அடுத்த சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் தீப்பிடித்து வானம் சிவந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு பாய்ந்தது. உயிர்கள் போயின. உயர் நீதிமன்ற வளாகச் சுவரிலும் குண்டு விழுந்தது. அந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கரையிலிருந்த பீரங்கிகள் சுதாரிப்பதற்குள் எம்டன் இருட்டில் மறைந்துவிட்டது.

அடுத்த நாள் முதல் ஊரே மூட்டை கட்டியது. ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை இருக்க யாரும் கிட்ட வர முடியாது என்ற நம்பிக்கை ஒரே ராத்திரியில் உடைந்தது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்துவைத்தது.

கப்பல் போனது, பெயர் போகவில்லை. "அவனா? பெரிய எம்டனாச்சே!" என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது இந்தக் கப்பலை வைத்துத்தான். துணிச்சலும் கில்லாடித்தனமும் சேர்ந்த ஆளுக்குத் தமிழில் ஜெர்மன் கப்பலின் பெயர்.

மெரினாவுக்கு வந்தது

நான்காவது விளக்கு 1977 ஜனவரியில் மெரினாவின் தென்கோடியில் எரியத் தொடங்கியது. காங்கிரீட் கோபுரம், சுமார் 45 மீட்டர் உயரம். கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் விளக்கு 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முந்தைய மூன்றிலும் இல்லாத ஒரு வசதி, லிஃப்ட். 28 கடல் மைல், அதாவது 50 கிலோமீட்டருக்கும் மேல் வெளிச்சம் எட்டும்.

இந்த விளக்குக்கு ஒரு தாளம் உண்டு. பத்து நொடிக்கு ஒரு முறை இரண்டு மின்னல், பிறகு இருட்டு. மறுபடி இரண்டு மின்னல். பழவேற்காடு, மாமல்லபுரம், புதுச்சேரி என்று ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனித் தாளம். இருட்டில் ஒளியைப் பார்க்கும் மாலுமி நொடிகளை எண்ணி, கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்து, எந்த ஊருக்கு எதிரே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார். பகலில் அதே வேலையைச் சிவப்பு வெள்ளைப் பட்டை செய்கிறது.

தொடக்கத்தில் பொதுமக்கள் மேலே ஏறிப் பார்க்க முடிந்தது. 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கதவு சாத்தப்பட்டது. ஒரு தலைமுறையே அந்தக் கோபுரத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்து வளர்ந்தது. 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மறுபடி திறந்தார்கள். ஏறக்குறைய 22 ஆண்டு இடைவெளி. அப்பா அம்மா சின்ன வயதில் பார்த்த காட்சியை, அவர்களின் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தார்கள்.

இப்போதும் தேவையா?

செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கும்போது இது எதற்கு? நியாயமான கேள்விதான். இன்றைய பெரிய கப்பலின் திரையில் கரை, ஆழம், பக்கத்துக் கப்பல் எல்லாம் கோடு போட்டுத் தெரிகின்றன. விளக்கைப் பார்க்காமலேயே சென்னைக்கு வந்துவிட முடியும்.

ஆனால் கடலில் எல்லோரும் பெரிய கப்பலில் இல்லை. கோபுரத்தின் நிழல் விழும் தூரத்திலேயே நொச்சிக்குப்பம் இருக்கிறது. அதிகாலை இருட்டில் ஃபைபர் படகில் கிளம்புகிறவருக்கு, கருவி நனைந்துபோனாலும் போன் சார்ஜ் தீர்ந்தாலும் கரையில் ஒன்று மாறாமல் இருக்க வேண்டும். அதற்கு சிக்னல் தேவையில்லை, ரீசார்ஜ் தேவையில்லை. பார்க்கக் கண் போதும். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்தான் உயரம் என்றாலும், 57 மீட்டர் உயர விளக்கு அவருக்குச் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். பெரிய மாலுமிகளும் திரை சொல்வதைக் கண்ணால் ஒரு முறை சரிபார்க்கவே விரும்புவார்கள். திரை பொய் சொல்கிற நாளும் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் சுற்றுலா

கோட்டை அருங்காட்சியகம், நீதிமன்ற வளாகத்துத் தூண், நீதிமன்றக் கோபுரம், மெரினா. நான்குக்கும் நடுவே உள்ள தூரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். கோட்டைக்குள் போக அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. ஆனால் கோபுரத்தைப் பாரிமுனைப் பக்கம் சாலையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். மெரினாவில் டிக்கெட் வாங்கி மேலே போய் வடக்கே பார்த்தால், துறைமுகத்தின் பக்கம் பழைய மூன்று விளக்குகளும் எங்கே இருந்தன என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டலாம்.

இறங்கிய பிறகு உடனே வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். இருட்டும்வரை மணலில் உட்காருங்கள். விளக்கு எரியத் தொடங்கியதும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மின்னலும் அதன்பின் வரும் இருட்டும் சேர்ந்து பத்து நொடி வருகிறதா என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.